அறுபதில் ஒரு பங்கு விநாடி

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இருட்டு. உள்ளே போகும்போது வெயில் அடித்தாலும், மறுபக்கம் கொட்டகலையில் மூடுபனி காத்திருக்கலாம். தலவாக்கலையில் மறுபடி வெயில், கிரேட் வெஸ்டர்ன் மலையடியில் தூறல், நானுஓயாவில் பால் கலந்தாற்போன்ற வெளிச்சம். 1885இல் நானுஓயா வரை வந்துசேர்ந்த இந்தப் பாதை 44 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் ஏறுகிறது. ரயில் மெதுவாகப் போவதால், ஜன்னலோரம் இருப்பவருக்கு வெளிச்சம் மாறுவதைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது. இந்த நிலையில்லாத வெளிச்சத்துக்குள்தான் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களைப் பற்றி உலகம் அறிந்த படமோ ஒன்றே ஒன்று: பச்சைச் சரிவு, நிறைந்த கூடை, அசையாமல் நின்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் முகம். தேயிலைப் பொட்டலத்திலும் சுற்றுலா விளம்பரத்திலும் அதுவே இருக்கிறது. அந்தப் படம் அழகானது. ஆனால் அந்த வேலையைப் பற்றி அது தவறான தகவல் தருகிறது. அந்த வேலையின் சாரம் வேகம். வேகத்தைக் காட்டாத படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கொழுந்து பறிக்கும் படம் ஆகாது.

வேகம் என்று சொல்வதைக் கணக்காகவே பார்க்கலாம். பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு 18 கிலோவை ஒட்டி இருக்கிறது. மலைக்கு மலை, பருவத்துக்குப் பருவம் கூடும், குறையும். அந்த அளவு எட்டாவிட்டால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழாது; அரைப் பேர்தான். இரண்டு இலையும் ஓர் அரும்பும் சேர்ந்த ஒரு கொழுந்தின் எடை ஒரு கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 18 கிலோவுக்குப் பதினெட்டாயிரம் கொழுந்து. எட்டு மணி நேரத்தில் 28,800 விநாடி. சரிவில் ஏறுவதற்கும், மடுவத்துக்கு நடந்து நிறுவைக்கு நிற்பதற்கும், தேநீர் குடிப்பதற்கும் ஒரு விநாடிகூடக் கழிக்காவிட்டாலும், மூன்று விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு கொழுந்து. கழித்துப் பார்த்தால் வேகம் இன்னும் கூடும். இரண்டு கைகளும் தனித்தனியே ஓடுகின்றன. வளர்ச்சி நின்ற வங்கிக் கொழுந்தை எடுக்க வேண்டும், முற்றிய இலை கலந்துவிடக் கூடாது, செடியின் மேல்மட்டம் மட்டக்கம்புக்குச் சரியாக நிற்க வேண்டும். இத்தனையையும் கண் முடிவு செய்து முடிப்பதற்குள் விரல் ஒடித்துவிடுகிறது. உள்ளங்கை நிறைந்ததும் கை தோளுக்கு மேலே போய், திரும்பிப் பார்க்காமலே பின்னால் கூடைக்குள் வீசுகிறது. பத்து மணி மழையிலும் இதே வேகம்தான். படங்கு கட்டிய இடுப்பு வரை நனைந்திருந்தாலும் இதே வேகம்தான்.

இதைக் கேமராவின் மொழிக்கு மாற்றுவோம். பறிக்கும் விரல் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கொண்டால், ஷட்டர் திறந்திருக்கும் 1/500 விநாடியில் அது இரண்டு மில்லிமீட்டர் நகரும். படத்தில் கை கல்லாகச் சமைந்திருக்கும். 1/60 விநாடியில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நகரும், அதாவது ஒரு விரலின் அகலம். விரல்நுனி சற்றே கரைந்து, எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரியும். 1/15க்கு இறங்கினால் கை முழுவதும் புகையாகிவிடும், முகமும் தப்பாது. தோளுக்கு மேல் வீசும் கை இதைவிடப் பல மடங்கு வேகமானது. அதற்கு 1/125 போதும். ஆக, முகத்தைத் தெளிவாக வைத்துக்கொண்டு கையை ஓடவிடும் இடைவெளி 1/40க்கும் 1/125க்கும் நடுவில் இருக்கிறது. வியப்பு என்னவென்றால், மலையகத்தின் மூடுபனி இயல்பாகவே நம்மை அந்த இடத்துக்குத்தான் தள்ளுகிறது. அடர்ந்த பனியில் ஐஎஸ்ஓ 100 படச்சுருளை வைத்து லென்ஸை எஃப் 4க்குத் திறந்தால் கிடைக்கும் ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/60. படச்சுருள் காலத்துப் படப்பிடிப்பாளர்கள் இதைக் குறையாகக் கருதி வெயிலுக்குக் காத்திருந்தார்கள். வெயில் வந்தபோது, ஏழாவது பாகையை ஒட்டிய இந்த மலைகளில் உச்சிச் சூரியன் தலைத்துணியின் நிழலை முகத்தின் மேல் கறுப்பாக இறக்கியது. காத்திருந்து பெற்றது அதுதான்.

நின்று சிரிக்கும் படம் எப்படி வழக்கமானது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1869இல் காப்பிச் செடியைத் துரு நோய் தாக்கிய பின், 1870களிலும் 80களிலும் இந்த மலைகள் தேயிலைக்கு மாறின. அதே காலத்தில் ஸ்கோவன், ஸ்கீன் போன்ற படப்பிடிப்பு நிறுவனங்கள் இலங்கையில் தொழில் நடத்தின. 1890இல் பிளாட்டே நிறுவனம் வந்தது. அன்றைய கண்ணாடித் தகடுகளுக்கு அசைவு ஆகாது. கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் ஓடும் குதிரையை உறையவைத்தார் என்றால், கொளுத்தும் வெயிலும் வெள்ளைப் பின்னணியும் வரிசையாக வைத்த 12 கேமராக்களும் அவருக்கு இருந்தன. இங்கே டிக்கோயாவின் மழைக்கால வெளிச்சத்தில் அது நடக்காது. ஆகவே பறிப்பவர்களை நிறுத்தினார்கள், வரிசைப்படுத்தினார்கள், கையைச் செடியின் மேல் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். தகட்டின் பலவீனம் அஞ்சலட்டையின் இலக்கணமாகிவிட்டது. தகடு போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் இலக்கணம் மாறவில்லை. அசையும் படத்தில் இந்தச் சிறை முன்பே உடைந்தது: இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக பசில் ரைட் 1934இல் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' ஆவணப்படத்தில் உழைப்புக் காட்சிகளின் மேல் வணிகத்தின் குரல்கள் ஓடுகின்றன. அசையாப் படமோ அஞ்சலட்டையிலேயே நின்றுவிட்டது.

கலங்கலான படத்தைத் திறமைக் குறைவுக்குச் சாக்காகச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். அந்தக் குற்றச்சாட்டைத் தன் வாழ்நாளிலேயே சந்தித்த ஒருவர் இந்த மலையில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், குவியம் சரியில்லை என்று இங்கிலாந்துப் படப்பிடிப்புச் சங்கத்தாரிடம் திட்டு வாங்கியவர். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவையின் செயின்ட் மேரி தேவாலய வளவில் கிடக்கிறார். அவருடைய மங்கல் நீண்ட நேரத் திறப்பாலும் குவியத்தாலும் வந்தது. முகத்தின் உயிர்ப்பைப் பிடிக்க அதை அவர் ஏற்றுக்கொண்டார். இன்று அவரை யாரும் கைத்திறன் இல்லாதவர் என்று சொல்வதில்லை. ஆனாலும் அவருடைய கல்லறையைச் சாட்சிக்கு இழுத்து என் வழக்கை முடித்துக்கொள்ள மாட்டேன். இலங்கையில் அவர் எடுத்த சில படங்களிலும் உழைக்கும் மக்கள் அசையாமல் நிற்கிறார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு இன்றைய கேமராவிடமிருந்து வருகிறது. ஐஎஸ்ஓ 12,800இல்கூட நல்ல படம் தருகிறது. பனிக்குள்ளும் 1/2000 கிடைக்கும். பிறகு ஏன் கரையவிட வேண்டும்? இதற்கான விடை படத்தைப் பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. 1/2000இல் உறைந்த வேகமான கையும், சொன்னதற்காகச் செடிமேல் வைத்துக்கொண்ட சும்மா இருக்கும் கையும் காகிதத்தில் ஒன்றுபோலவே தெரியும். வேறுபடுத்திக் காட்ட அந்தப் படத்துக்குள் எந்தத் தடயமும் இல்லை. தண்ணீர்த் துளியோ தாவும் விளையாட்டு வீரரோ என்றால் அந்தரத்தில் நிற்பதே அசைவுக்குச் சாட்சி. கொழுந்து பறிப்பவரின் கை எப்போதும் செடிக்கு அருகிலேயே இருக்கிறது, அதனால் உறையவைத்தால் ஓய்வுபோல் ஆகிவிடுகிறது. கரைந்த விரல்நுனி ஒன்றுதான் அங்கே வேகத்துக்குச் சாட்சி. மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் இந்தச் சிக்கல் இல்லை. மாசி மாத இரவில் தப்பு முழங்க மதனும் ரதியும் தீப்பந்த வெளிச்சத்தில் ஆடும்போது பாதம் தரையை விட்டு எழும்பியிருக்கும். அங்கே உயர்ந்த ஐஎஸ்ஓவும் 1/250உம் நியாயம். பிளாஷ் மட்டும் வேண்டாம். பந்தத்தின் மஞ்சளைக் கொன்றுவிடும்.

நான் அதிகம் மதிக்கும் எதிர்வாதம் வேறொன்று: உழைப்பின் அசைவைக் கோடாகவும் புகையாகவும் காட்டுவது உழைப்பவரை அழித்துவிட்டு அசைவை மட்டும் ரசிப்பது ஆகாதா? இந்த அச்சத்துக்கு முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பிராங்க் கில்பிரத் 1910களில் தொழிலாளர் விரல்களில் சிறு விளக்குகளைக் கட்டி, நீண்ட திறப்பில் அவர்கள் கையின் பாதையை ஒளிக்கோடாகப் பதித்தார். வீண் அசைவைக் குறைப்பது அவர் சொன்ன நோக்கம். நிர்வாகத்துக்கு அது வேலையைப் பிழிந்தெடுக்கும் கருவியும் ஆயிற்று. அந்தப் படங்களில் கோடு பளிச்சென்று இருக்கும், ஆள் மங்கியிருப்பார். நான் கேட்பது இதற்கு நேர் எதிர். கை கரையலாம், முகம் கரையக் கூடாது. முகம் தெளிவாக இருந்தால் அந்த வேகம் யாருடையது என்பது தெரியும். அந்த முகத்தின் கவனமும் களைப்பும் சேர்ந்தே பதியும். முகம் தெளிவாக இருக்க வெளிச்சக் கணக்கும் சரியாக வேண்டும். கேமராவின் மீட்டர் வெண்பனியைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அப்போது கறுத்த முகம் நிழலுருவமாகச் சரிந்துவிடும். வெளிச்ச அளவை ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்டி வைத்து, பின்னணி வெளுத்துப் போனால் போகட்டும் என்று விட வேண்டும். நிறப் பட அச்சை வெள்ளைத் தோல் பெண்களின் மாதிரிப் படத்தை வைத்துச் சீரமைத்த கோடாக் நிறுவனத்தின் பழைய வழக்கத்தால் கறுத்த முகங்கள் பல பத்தாண்டுகள் பாழாகின. அந்தப் பாவத்தை இன்றைய தானியங்கி மீட்டரின் பேரால் தொடர வேண்டியதில்லை. தானியங்கிக் குவியம் பனியில் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் அலைந்தால், முகத்துக்கும் தலைத்துணிக்கும் இடையிலுள்ள விளிம்பில் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வெடித்த விரல்நுனி, அட்டை கடித்த கால், ஒழுகும் லயக் குடியிருப்பின் கூரை, நிறுவைத் தராசின் முள்: இவற்றுக்கு 1/500ஓ அதற்கு மேலோதான் வேண்டும். அவை சாட்சிப் படங்கள், அங்கே ஒரு மயிரிழை மங்கலும் எதிராளிக்கு வாய்ப்பு. மன்னாரிலிருந்து மாத்தளை வரை 2023இல் மக்கள் நடந்து, மலையகத் தமிழர் வந்துசேர்ந்த இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தபோது எடுத்த படங்களிலும் பதாகையின் எழுத்தும் நடந்தவர் முகமும் தெளிவாகவே இருக்க வேண்டும். நான் பேசுவது வேலையைப் பற்றிய படம், அது மட்டுமே.

அவர்களே சிரித்து நிற்க விரும்புகிறார்களே, நீங்கள் யார் தடுக்க என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். விரும்பி நிற்கும் படம் அவர்களுடைய படம். அதை எடுத்து அவர்களுக்கே கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் மலையில் நிரைக்கு நடுவே நிற்கச் சொல்வது வேறு. மேலே போட்ட கணக்குப்படி ஐந்து நிமிடம் நின்றால் ஏறக்குறைய இருநூறு கொழுந்து குறைகிறது. பத்துப் பயணிகள் நிறுத்தினால் இரண்டு கிலோ அளவில் போய்விடும். அரைப் பேருக்கும் முழுப் பேருக்கும் நடுவே அந்த இரண்டு கிலோ நிற்கக்கூடும். பயணி நீட்டும் தாள் அதை ஈடுசெய்யும் என்றால், எந்தப் பக்கம் பயணி வருவார் என்று பார்த்துக் கொழுந்தை விட்டு வழியோரத்துக்கு வந்து நிற்க வேண்டிய நிலையை அது உண்டாக்குகிறது.

ஆகவே மலைக்குப் போகிறவர்களிடம் கேட்பது இதுதான். காலையில் பெரட்டு (வேலைக்குப் பேர் பதியும் கூட்டம்) முடிந்து மலைக்கு ஏறும் முன்போ, மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கும்போதோ, "அக்கா, நீங்க வேலை செய்றப்ப படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை மூடிவிடுங்கள். சரி என்றால் நிரைக்குக் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் நின்று, 1/60இல் வைத்து, முகத்தில் குவியம் பிடித்து, இருபது முப்பது படங்கள் எடுங்கள், ஒன்றிரண்டு தேறும். தேநீர் நேரத்தில் அவற்றை அவர்களிடம் காட்டுங்கள். இடையில் ஒருமுறைகூட அவர்களை நிற்கச் சொல்லாதீர்கள்.