புத்தகம் முடியும் நாள்

மட்டக்களப்பு எழுவான்கரையில் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருக்கும் பிள்ளைக்கு விசா எப்போது முடிகிறது என்று கேளுங்கள். அடுப்படியில் நிற்கும் பெத்தா கூடத் தேதி சொல்லிவிடுவா. அதே பிள்ளையின் கடவுச்சீட்டு எப்போது முடிகிறது என்று கேட்டால் அலுமாரித் திறப்பைத் தேடத் தொடங்குவார்கள். ஏஜென்சிக்காரரின் பின்னால் அலைந்ததும் நகையை ஈடு வைத்ததும் விசாவுக்காக என்பதால் அந்தத் தேதி நெஞ்சில் கிடக்கிறது. கடவுச்சீட்டு அப்படியில்லை. பத்து வருசத்துக்கு முன் யாரோ படிவம் நிரப்பி, யாரோ கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்த புத்தகம் அது.

நான் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். பென்சன் எடுத்த பிறகும் படிவங்கள் என்னை விடவில்லை. ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, வாவிக்கு அப்பால் படுவான்கரை என்று பல இடத்துச் சனமும் கடதாசிகளைக் கொண்டுவந்து என் மேசையில் பரப்புகிறார்கள். விசாவை நீட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது புத்தகத்தைத்தான். மூன்று போகத்துக்கு வயலைக் குத்தகைக்கு எடுத்திருப்பான் ஒருவன். வயல் சொந்தக்காரனின் பெர்மிட் இந்தப் போகத்தோடு முடிகிறது என்றால் அந்தக் குத்தகை எத்தனை போகத்துக்குச் செல்லும்? விசா குத்தகை என்றால் புத்தகம்தான் அந்தப் பெர்மிட்.

இதில் இரண்டு வகைப் பிழையான நம்பிக்கை உண்டு. கடவுச்சீட்டில் ஆறு மாதம் மிச்சமில்லாவிட்டால் எந்த நாடும் விடாது என்பது ஒன்று. விசா இருந்தால் யாரும் கடவுச்சீட்டைப் பார்க்கமாட்டார்கள் என்பது மற்றது. ஆறு மாத விதி பெரும்பாலும் சுற்றிப் பார்க்க வருகிறவனை நினைத்துப் போட்டது. அவன் நோயில் விழுந்தோ விமானம் தவறியோ தங்கிவிட்டால், திருப்பி அனுப்புவதற்குச் செல்லுபடியான புத்தகம் வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் குறுகிய காலம் தங்க வருபவரிடம் கேட்பது வேறு கணக்கு: வெளியேறும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், புத்தகம் கடந்த 10 வருசத்துக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். அங்கே வதிவிட அட்டை வைத்திருப்பவர் ஊருக்கு வந்து திரும்பும்போது இந்தக் கணக்கு அவருக்கில்லை. அட்டையும் காலாவதியாகாத கடவுச்சீட்டும் போதும். ஆனால் நீண்டகால விசாவை முதன்முதல் எடுக்கும்போது விதி மறுபடி இறுகும். பிரான்ஸ், விசா முடிந்த பின்னும் 3 மாதம் செல்லுபடியுள்ள புத்தகத்தைக் கேட்கிறது.

ஒரே ஆள், ஒரே புத்தகம். முதல் தரம் போக ஒரு விதி, திரும்பிப் போக இன்னொன்று, அங்கே விசாவைப் புதுப்பிக்க வேறொன்று. சனம் குழம்புவதில் குற்றமில்லை.

போன வருசம் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று சவூதியிலிருந்து லீவில் வந்தது. தாய்க்கு ஒப்பரேசன் என்று நாள் இழுபட, அங்கத்தைய வீட்டுக்காரம்மா திரும்பிப் போவதற்கான ரீஎன்ட்ரி விசாவை நீட்டிக் கொடுத்தா. நல்ல மனுசி. டிக்கெட் போட்ட பிறகுதான் பிள்ளை என்னிடம் வந்தது.

"மாமா, விசா இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. பயமில்லதானே?"

"புத்தகம் எப்ப முடியுது மகள்?"

"அது இவ்வளவு காலமும் மேடத்திட்டத்தானே கிடந்த. நான் பாக்கல்ல."

விரித்துப் பார்த்தால் மூன்று கிழமைதான் மிச்சம். அப்படியொரு புத்தகத்தோடு விமானத்தில் ஏறினாலும், போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது? சவூதியில் அடுத்த எக்சிட் ரீஎன்ட்ரி எடுக்கக் கடவுச்சீட்டில் குறைந்தது 90 நாள் இருக்க வேண்டும். அங்கேயே தூதரகத்தில் புதிதாக எடுக்கலாம் என்றால் விண்ணப்பம் கொழும்புக்கு வந்துதான் திரும்பும். வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குத் தூதரகம் போக ஒரு நாள் லீவு கேட்பதே பெரிய பாடு. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு ஒருநாள் சேவையில் புதுப் புத்தகம் எடுக்கச் சொன்னேன். பழையதை எறிந்துவிடாமல் இரண்டையும் கொண்டுபோகவும், இறங்கியதும் எசமானான கபீலைக்கொண்டு 'நகல் மாலுமாத்' செய்வித்துப் புது இலக்கத்தை அவர்களின் கணினியில் ஏற்றவும் சொல்லி அனுப்பினேன். பிள்ளை சவூதிக்குப் போய்விட்டது. டிக்கெட் மாற்றிய காசும் கடவுச்சீட்டுக் காசும் சேர்ந்து தாயின் மருந்துச் செலவைத் தாண்டியது.

இந்த இலக்கச் சங்கதியை இளம் ஆட்களும் விளங்கிக்கொள்வதில்லை. முன்பு விசா என்றால் பக்கத்தில் ஒட்டிய தாள், கண்ணால் பார்க்கலாம். ஐக்கிய அரபு இராச்சியம் 2022 இல் வதிவிட விசாவைக் கடவுச்சீட்டில் ஒட்டுவதை நிறுத்தி, அடையாள அட்டையோடு சேர்த்துவிட்டது. பிரித்தானியாவும் பிளாஸ்டிக் அட்டையை விட்டு இ-விசாவுக்கு மாறிவிட்டது. பெரும்பாலான அட்டைகளில் 2024 டிசம்பர் 31 தான் முடிவு நாளாக இருந்தது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர் புது இலக்கத்தைத் தன் இணையக் கணக்கில் பதியாவிட்டால், விசா இருந்தும் இல்லாதவராகக் கவுண்டரில் நிற்க நேரும்.

அப்படி நிற்கிறவர்கள் விமானக் கம்பனிக் கவுண்டரில் இருக்கும் பிள்ளையோடு சண்டை பிடிக்கிறார்கள். அந்தக் கவுண்டர்ப் பிள்ளைக்கு முன்னால் இருப்பது விமானக் கம்பனிகள் பாவிக்கும் டிமாட்டிக் என்ற தகவல் தொகுப்பு. நாட்டுக்கு நாடு என்ன கடதாசி வேண்டும் என்று அது சொல்லும். சரியான கடதாசி இல்லாத ஒருவரை ஏற்றிச் சென்றால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு கம்பனியின் தலையில் விழும். பல நாடுகளில் தண்டமும் உண்டு. ஆகவே சந்தேகம் வந்தால் அவர்கள் இறக்கிவிடத்தான் பார்ப்பார்கள். போகிற நாட்டின் சட்டம் உங்கள் பக்கம் இருந்தால் அதை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கட்டுநாயக்காவில் விடியற்காலை இரண்டு மணிக்குத் தொலைபேசியில் தேட முடியாது.

புதுப்பித்தலைக் கடைசி மாதத்துக்கு விடுகிறவர்கள் 2024 ஐ நினைக்க வேண்டும். புதிய இ-கடவுச்சீட்டுக் கொள்வனவு இழுபறிப்பட்டு வெற்றுப் புத்தகங்கள் தீர்ந்துபோக, பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்தின் முன் சனம் இரவு இரவாக வரிசையில் படுத்துக் கிடந்தது. எங்களூர் ஆட்கள் இரவு ரயிலில் போய் அந்த வரிசையின் வாலில் நின்றார்கள். அதே வருசம் பெப்ரவரியில்தான் சாதாரண சேவைக் கட்டணம் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. ஒருநாள் சேவை 20,000. விசாவில் எத்தனை மாதம் மிச்சமிருந்தாலும் அரசாங்கத்திடம் புத்தகம் இல்லையென்றால் இல்லைதான். அதனால் ஒரு வருசம் இருக்கும்போதே மாற்றுங்கள் என்கிறேன். மிச்ச மாதங்கள் வீண் என்று கணக்குப் பார்ப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

என் தகப்பனார் காலத்தில் தலைமன்னார் போய்க் கப்பலேறி மதுரைக்குக் கோயில் பார்க்கப் போனவர்களுக்குக் கடவுச்சீட்டே தேவைப்படவில்லை. 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இந்தக் கடலைத் தாண்டப் புத்தகம் கட்டாயமானது. அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிற வயசு எனக்கு. ஆனால் பெருமூச்சுக்கு எந்தக் கவுண்டரிலும் சீல் குத்தமாட்டார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறிடத்தில். அந்தப் பிள்ளை "மேடத்திட்டக் கிடந்த" என்று சொன்னதே, அதில். தன் பெயரும் முகமும் உள்ள புத்தகத்தை வருசக்கணக்காக அது கண்ணால் காணவில்லை. வேலைக்காரரின் கடவுச்சீட்டை எசமான் பிடித்துவைப்பது வளைகுடாச் சட்டங்களிலேயே குற்றம். கட்டாரின் 2015 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு 25,000 ரியால் வரை தண்டம் வைத்திருக்கிறது. சட்டம் இருந்தும் புத்தகங்கள் மேடத்தின் அலுமாரியில்தான் கிடக்கின்றன. ஊருக்கு வந்தாலும் கதை மாறுவதில்லை. கட்டுநாயக்காவில் இறங்கியதும் புருசன் வாங்கிவைப்பார், பிறகு ஏஜென்சிக்காரர் வாங்கிக்கொள்வார். போகிற பிள்ளை கடைசிவரை தன் தேதியை அறியாது. புத்தகத்தை மீட்டுக் கொடுக்க என்னால் முடியாது. முகப் பக்கத்தைப் படமெடுத்துத் தன் போனிலும் தாயின் போனிலும் வை, இலக்கத்தையும் முடியும் நாளையும் பாடமாக்கு என்று சொல்லலாம். என் மேசைக்கு முன்னாலிருந்து ஒப்புவிக்கச் சொல்வேன். சிரித்துக்கொண்டு சொல்வார்கள், இரண்டாம் தரம் கேட்டால் பிழைக்காமல் சொல்வார்கள்.

லண்டன், கனடாப் பேரப்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தத்துக்கு என்று குடும்பமாக டிக்கெட் போடுவார்கள். தாய் தகப்பனின் கடவுச்சீட்டு 10 வருசம் செல்லும், பிள்ளையினது 5 வருசம்தான். இலங்கைக்குள் வர ஆறு மாதம் வேண்டும். இந்தமுறை எனக்கு அழைப்பு எடுத்தவர்களிடம் சின்னவனின் புத்தகத்தை எடுத்துத் தேதியை வாசிக்கச் சொன்னேன். மார்ச் மாதமே கேட்டதால் காலம் இருந்தது. இப்போது அவர்கள் லண்டனில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.