உப்புக்கு மேலே ஒரு கடலைக் கொல்லை

வேதாரண்யம் என்றாலே எனக்கு 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதான கதைதான் ஞாபகம் வரும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண் உப்பளத்தைத்தான் தேடியது. கூட வந்த நண்பரோ நேரே கொண்டுபோய் ஒரு கடலைக் கொல்லையில் நிறுத்திவிட்டார்!

கால் வைத்தால் புதைகிற மணல். மெரினாவில் சுண்டல் விற்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த மணல்தான். 'இதிலே போய் விவசாயமா?' என்று நான் முழிக்க, கொல்லைக்காரப் பெரியவர் பதறிப்போய்க் கை காட்டினார்.

"பார்த்து வாங்க தம்பி! விழுது இறங்குற நேரம். மிதிச்சுட்டா கடலை போயிடும்!"

கடலைச் செடி ஒரு விநோதம். பூப்பது மேலே, காய்ப்பது கீழே. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி விழுது கிளம்பி, மண்ணைத் துளைத்து உள்ளே போய்க் காயாகிறது. மணல் என்றால் அதுக்குக் கொண்டாட்டம். சுலபமாக இறங்கும், பறிக்கும்போதும் காய் அறுந்து மண்ணுக்குள் தங்காது.

சிக்கல் தண்ணீரில்தான். களிமண் பிடித்து வைக்கிற நீரில் மூன்றில் ஒரு பங்கைக்கூட மணல் வைத்துக்கொள்வது சந்தேகம். ஓட்டைப் பானைதான்! ஒரேயடியாக ஊற்றினால் வேரைத் தாண்டி ஓடிவிடும், போட்ட உரத்தையும் கூட்டிக்கொண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். அதிலும் பூக்கும்போது, விழுது இறங்கும்போது, காய் பிடிக்கும்போது காயவே விடக்கூடாது.

"எங்கப்பா காலத்துல குடம்தான் தம்பி. மூலையில ஒரு குட்டை வெட்டி, ரெண்டு குடத்துல முகந்து முகந்து ஊத்தணும்."

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் கடலைக்கு, அறுவடை வரைக்கும் சுமாராக 20 லட்சம் லிட்டர் வேண்டும். மழை விட்டுப்போன ஈரத்தைக் கழித்தாலும், பாக்கிக் குடத்தை நினைத்தபோதே எனக்குத் தோள் வலித்தது.

"அப்புறம் மோட்டார் வந்து நிம்மதியாச்சா?" என்றேன்.

"அதுலதான் நான் கெட்டேன்!" என்றார்.

இங்கே மணலுக்கடியில் மழைத் தண்ணீர், கடல் தண்ணீர் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது, பால் மேல் ஆடை மாதிரி. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால்? கீழிருந்து உப்பு அந்த 40 அடியும் ஏறப் பார்க்கும்!

பெரியவர் ஆழமாக போர் போட்டு, பெரிய மோட்டார் வைத்திருக்கிறார். முதல் வருஷம் அமோக விளைச்சல். மூன்றாம் வருஷம் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது.

"அந்தத் தண்ணியில ரசம் வச்சா உப்பே போட வேணாம் தம்பி!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகளுடைய நகை அடகில் மூழ்கிப்போனதையும் அதே சிரிப்போடுதான் சொன்னார்.

இப்போது அந்த போரை மூடிவிட்டார். மேலாக ஒரு குழாய், சின்ன மோட்டார், நாலு ஸ்பிரிங்ளர். வெயில் ஏறுவதற்குள் கொஞ்ச நேரம் தூறல் மாதிரி விட்டு நிறுத்திவிடுகிறார். ஸ்விட்ச் போட்டதும் முதல் காரியம், ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பது. கரித்தால் அன்றைக்கு மோட்டாருக்கு லீவு! உப்புத் தண்ணீர் இலையில் பட்டால் இலையே வெந்துபோகுமாம்.

எனக்கும் ஒரு கை கொடுத்தார். கல்கண்டு!

"இந்த ருசி எத்தனை நாளைக்கு நிக்கும்?"

பெரியவர் வேலிக்கு அப்பால் பார்த்தார். பக்கத்துக் கொல்லையில் பெரிய மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"வேலியெல்லாம் மேலதான் தம்பி. கீழ இருக்குற தண்ணிக்கு ஏது வேலி?"

பேசிவிட்டு ரோட்டுக்குத் திரும்பினோம். பஸ் வருகிறவரைக்கும் அந்த மோட்டார் நிற்கவே இல்லை.