பின் ஆசனத்தில் கேட்ட சத்தம்



காத்தான்குடியிலிருந்து கொழும்புக்குத் தரைவழியே போய் வந்தவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பாதை அது. வாழைச்சேனையைத் தாண்டி வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஊர் ஊராகக் கடந்து செல்ல வேண்டும். மன்னம்பிட்டியில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 2007ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கப்படும் வரை, புகையிரதமும் மற்றைய வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தைத்தான் பாவித்தன. புகையிரதம் வரும் நேரம் வாகனங்கள் வரிசையாகக் காத்து நிற்கும். பொலன்னறுவையைக் கடந்து மின்னேரியாப் பக்கம் வந்தால், மாலை நேரங்களில் யானைகளுக்காகவும் காத்து நிற்க நேரும்.

இந்தப் பாதையை நம் குடும்பத்து ஆண்கள் முன் ஆசனத்திலிருந்து பார்க்கிறார்கள். நீங்களோ பெரும்பாலும் பின் ஆசனத்திலிருந்து பார்க்கிறீர்கள். மடியில் பிள்ளை, காலடியில் சாப்பாட்டுப் பை, பக்கத்தில் வயதான உம்மா அல்லது மாமி. ஒரே வாகனந்தான், ஆனால் முன்னால் இருப்பவருக்கு ஒரு பயணம், பின்னால் இருப்பவருக்கு வேறொரு பயணம். இன்று நான் எழுத வந்தது அந்தப் பின்பக்கத்துப் பயணத்தைப் பற்றித்தான்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், என் உம்மாவின் கண் சிகிச்சைக்காகக் கொழும்புக்குப் புறப்பட்டோம். வாகனம் மச்சானுடைய பழைய ஜீப். இப்போது இதை எஸ்.யூ.வி. என்கிறார்கள், எங்கள் ஊரில் இன்னும் ஜீப்தான். மூன்று வரிசை ஆசனங்கள் கொண்டது. மச்சான் ஓட்ட, நான் அவருக்குப் பக்கத்தில். நடு வரிசையில் உம்மாவும் ராத்தாவும். கடைசி வரிசையில் பிள்ளைகள்.

வெலிக்கந்தையை நெருங்கும்போதே கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கிவிட்டது. கண்ணாடிகளை மூடி ஏசியைப் போட்டார் மச்சான். சற்று நேரத்தில் ராத்தா சொன்னார்:

“இஞ்சாருங்க, பின்னுக்குத் திரும்பவும் அந்தச் சத்தம் வருது.”

மச்சான் செய்தது, பல சாரதிகள் செய்வதுதான். பின்பக்க விசிறியை நிறுத்தினார். சத்தம் நின்றது. முன்னால் இருந்த எங்களுக்குக் குளிர் குறையவில்லை. பின்னால் காற்றே இல்லை. பொலன்னறுவை வரும்போது உம்மா முந்தானையை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கேட்டால், “எனக்கு ஒண்டுமில்ல மகன், நீங்க ஓட்டுங்க” என்றார். அந்தத் தலைமுறைத் தாய்மார் அப்படித்தான் சொல்வார்கள். முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உஷ்ணத்தைத் தாங்கும் சக்தி குறைந்தவர்கள். அவர்கள் அமைதியாக இருப்பதை வைத்து, சுகமாக இருக்கிறார்கள் என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

ஹபரணையில் வாகனத்தை நிழலில் நிறுத்தி, உம்மாவுக்குத் தண்ணீரும் பிளேன்டீயும் கொடுத்தோம். பிறகு உம்மாவை முன் ஆசனத்தில் அமர்த்திவிட்டு, நான் ராத்தாவுடன் பின்னால் ஏறினேன்.

இரண்டு ஏசியா, ஒன்றா?

இந்த இடத்தில் ஒரு விளக்கம் அவசியமாகிறது. “எங்கள் வாகனத்தில் இரண்டு ஏசி” என்று சொல்வோம். உண்மையில், இத்தகைய வாகனங்களில் பெரும்பாலானவற்றில் வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர் ஒன்றுதான். அது முன்னால் எஞ்சினோடு பட்டியால் இணைந்து சுழல்கிறது. அங்கிருந்து வரும் குளிரூட்டும் வாயு, குழாய்கள் வழியாக இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி முன்னால் உள்ள குளிர்ப்பெட்டிக்கும் மறு பகுதி பின்னால் உள்ள குளிர்ப்பெட்டிக்கும் போகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி விசிறி உண்டு. பின்பெட்டி பல ஜீப்களில் பொருட்கள் வைக்கும் இடத்தின் பக்கச் சுவருக்குள், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

முன்பெட்டி வெளிக்காற்றையும் எடுக்க வல்லது. பின்பெட்டியோ வாகனத்துக்குள் இருக்கும் காற்றை மட்டுமே திரும்பத் திரும்ப இழுக்கிறது. ஆகவே உள்ளே விழும் தூசி, விரிப்பின் பஞ்சு, பிள்ளைகள் எறியும் டொபித்தாள் எல்லாவற்றையும் அது தன்னை நோக்கி இழுத்துக்கொள்கிறது. பழைய வாகனங்கள் பலவற்றில் அதற்குத் தூசி வடிகட்டியும் கிடையாது.

பின்னால் குளிர்ப்பெட்டி வைப்பது புதிய ஏற்பாடும் அல்ல. அமெரிக்காவில் பெக்காட் நிறுவனம் 1939இல் அறிவித்து, 1940ஆம் ஆண்டுக் கார்களில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திக் கொடுத்தது. அந்தக் குளிர்ப்பெட்டி பின் ஆசனத்துக்குப் பின்னால்தான் இருந்தது. குளிர் போதும் என்றால், எஞ்சினை நிறுத்தி, பொனட்டைத் திறந்து, பட்டியைக் கழற்ற வேண்டுமாம்!

ராத்தாவின் செவி

ஹபரணையிலிருந்து தம்புள்ளை வரை ராத்தா சொல்லச் சொல்லப் பின்விசிறியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம். அவர் கவனித்திருந்தவை எனக்கு வியப்பளித்தன.

விசிறியை முதல் படியில் வைத்தால் ‘டிக்... டிக்...’ என்று வந்தது. மூன்றாம் படியில் ‘டர்ர்ர்’ என்று ஒரே இரைச்சல். மச்சான் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் சத்தம் மாறவில்லை. வாகனத்தை நிறுத்தி வைத்தபோதும் அது நிற்கவில்லை. இடப்பக்க வளைவில் மட்டும் ஒரு கணம் ஓய்ந்து, மீண்டும் தொடங்கியது.

பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் நான். ஓர் எழுத்து தொண்டையிலிருந்து பிறக்கிறதா, நாவிலிருந்தா, உதட்டிலிருந்தா என்று அறிந்தால்தான் உச்சரிப்பைத் திருத்த முடியும். இயந்திரத்தின் சத்தமும் அப்படியே. அது எங்கிருந்து பிறக்கிறது, எதனோடு சேர்ந்து கூடுகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் இதே சத்தத்துக்காக மச்சான் வாகனத்தை ஒரு கராஜில் காட்டியிருந்தார். ஓட்டிக்கூடப் பார்க்காமல், “கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று சொல்லிப் பெருந்தொகை ஒன்றைக் கேட்டிருந்தார்கள். கையில் பணமில்லாததால் மச்சான் திரும்பி வந்துவிட்டார். அங்கே வாகனம் போயிருந்தது, மச்சான் போயிருந்தார். சத்தத்தைக் கேட்டவரோ வீட்டில் இருந்தார்!

பஞ்சிகாவத்தையில் ஒரு காலை

உம்மாவை வைத்தியரிடம் காட்டிய மறுநாள் காலை, மச்சானும் நானும் ராத்தாவையும் அழைத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனோம். கொழும்பு 10இல், மருதானை ஸாஹிரா கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள பகுதி அது. வாகன உதிரிப்பாகம் என்றால் நாடெங்கும் முதலில் சொல்லப்படும் பெயர். கடைவாசல்களில் கதவுகள் சாத்தியிருக்கும், விளக்குகள் தொங்கும், கியர் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஜப்பானில் ஓடிக் கழிந்த வாகனங்களின் பாகங்கள் இங்கே இரண்டாவது ஆயுள் பெறுகின்றன. சிங்களமும் தமிழும் கலந்த பேரம் காலை முதல் மாலை வரை ஓயாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. நாங்கள் போனது அந்த இடைக்காலத்தில். பழையதைத் திருத்தி ஓட்டுவதே பலருக்கும் இருந்த வழியாதலால், அத்தெருக்களில் கால் வைக்க இடமில்லை.

அருகிலிருந்த ஒரு கராஜில் ஏசி வேலை செய்யும் சிங்கள பாஸ் ஒருவர் இருந்தார். மச்சான் கம்ப்ரஸர் கதையைத் தொடங்கியதும் கையமர்த்திவிட்டு, அரைத் தமிழில் கேட்டார்: “பின்னாலே இருந்தது யாரு?”

ராத்தா முன்னே வந்தார். “ஒண்டுல வெச்சா டிக் டிக். மூணுல வெச்சா டர்ரெண்டு வரும். வண்டி நிண்டாலும் சத்தம் நிக்கல்ல பாஸ். இடப்பக்கம் திரும்பக்குள்ள கொஞ்சம் ஓயும்.”

பாஸ் சிரித்தார். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, பின்விசிறியைப் போட்டார். அதே ‘டிக் டிக்’! எஞ்சினே ஓடாதபோது கம்ப்ரஸரும் ஓடாது. அப்படியானால் சத்தம் விசிறியிலிருந்துதான் வருகிறது. பெருந்தொகை கேட்கப்பட்ட ஒரு நோய் அல்ல என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

பெட்டரியின் கம்பியைக் கழற்றிவிட்டு, பக்கச் சுவரின் மூடியை மெதுவாக நெம்பி எடுத்தார். உள்ளே விசிறி, சுற்றிலும் மெல்லிய தகடுகள் கொண்ட ஓர் உருளை. அதற்குள்ளிருந்து டொபித்தாள்கள், கச்சான் கோது, ஒரு தலைமயிர் ஊசி எல்லாம் வெளியே வந்தன. உருளையின் ஒரு தகடு உடைந்திருந்தது. மோட்டரின் அச்சைப் பிடித்து ஆட்டியபோது அது அசைந்தது. அதன் புஷ் தேய்ந்துவிட்டது. பின்னாலிருந்த குளிர்ப்பெட்டியின் முகத்திலோ தூசி கம்பளம் போல் படிந்திருந்தது. சத்தம் வந்தது ஊசியாலும் புஷ்ஷாலும். குளிர் குறைந்தது தூசியால்.

இரண்டு கடைகள் தள்ளி, அதே மாதிரிப் பாவித்த மோட்டர் ஒன்று உருளையோடு கிடைத்தது. வாங்குமுன் கடை மேசையிலேயே பெட்டரியில் இணைத்து ஓடவிட்டுப் பார்த்தார் பாஸ். சத்தமின்றிச் சுழல்கிறதா, பழையது சுற்றிய திசையிலேயே சுற்றுகிறதா, கம்பிமுனை பொருந்துகிறதா என்று மூன்றையும் சோதித்தார். பிறகு குளிர்ப்பெட்டியை மென்மையான தூரிகையால் கழுவி, தண்ணீர் வடியும் குழாயின் அடைப்பை நீக்கி, எல்லாவற்றையும் பூட்டினார். வாயுக் குழாயைத் தொடவே இல்லை. ளுஹருக்கு முன் வேலை முடிந்தது. கம்ப்ரஸருக்குக் கேட்ட தொகையில் சிறு பங்குதான் செலவு.

சத்தங்களை இனங்காணுங்கள்

சகோதரிகளே, அந்த பாஸ் சொன்னவற்றையும் நான் பின்னர் விசாரித்து அறிந்தவற்றையும் உங்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

விசிறியின் வேகத்தோடு கூடும் ‘டிக் டிக்’ என்றால், உருளைக்குள் ஏதோ விழுந்திருக்கிறது அல்லது தகடு உடைந்திருக்கிறது. போட்டவுடன் ‘கீச்’ என்று அழுதால் மோட்டரின் புஷ் காய்ந்தோ தேய்ந்தோ இருக்கலாம். ‘உம்ம்’ என்று சுவரே அதிர்ந்தால், உருளையின் ஒரு பக்கத்தில் தூசி படிந்து சமநிலை கெட்டிருக்கும், அல்லது பொருத்திய ஆணி தளர்ந்திருக்கும்.

மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற ஓசை, வாயு குறுகிய வாயில் வழியே பாய்வது. ஏசியை நிறுத்திய பின் சிறிது நேரம் அது கேட்பது இயல்பே. அந்த ஓசை விடாது கேட்டு, குளிரும் குறைந்தால், வாயு கசிந்து குறைந்திருக்கலாம். வாயு எரிபொருளைப் போல எரிந்து தீருவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். அந்த வாயு காற்றில் கலந்தால் புவி வெப்பமாவதற்கும் துணைபோகிறது.

உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்டாலோ விரிப்பு நனைந்தாலோ வடிகுழாய் அடைத்திருக்கும். சாரதி எஞ்சினின் வேகத்தைக் கூட்டும்போது கூடி, குறைக்கும்போது குறையும் சத்தம் என்றால் அப்போதுதான் முன்பக்கத்தை, அதாவது கம்ப்ரஸரையும் பட்டியையும் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சினை இயக்காமல் பின்விசிறியை மட்டும் போட்டுப் பார்க்கும் சோதனையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். சில வாகனங்களில் முன்விசிறியையும் போட்டால்தான் பின்விசிறி ஓடும். ஆனால் மூடியைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள். புதிய வாகனங்களில் அந்தப் பக்கத்தில் காற்றுப்பைகள் இருக்கக்கூடும். பின்பக்கக் காற்று உள்ளே போகும் துவாரத்தை மட்டும் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் பையோ தலையணையோ வைக்காதீர்கள். பயணத்தில் குப்பைக்கென்று ஒரு பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். கச்சான் தின்னும் பிள்ளைகள் கோதை அதற்குள் போடப் பழகட்டும்.

அடுத்த முறை பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தால், றேடியோவைக் கூட்டச் சொல்லாதீர்கள். விசிறியை ஒரு படி குறைக்கச் சொல்லுங்கள், பிறகு கூட்டச் சொல்லுங்கள். எப்போது வருகிறது, எப்போது ஓய்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது, குளிர் குறைந்ததா என்ற நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாகனம் கராஜுக்குப் போகும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். போக முடியாவிட்டால், அந்தத் தாளையாவது கொடுத்தனுப்புங்கள். அதுவரை வெயில் நேரப் பயணத்தில் வயதானவர்களை முன் ஆசனத்தில் அமர்த்துங்கள்.