அரக்கூரில் ஒரு பேனாக் கட்டை

எந்தையார் எழுதிய பேனாக் கட்டை ஒன்று எம்மிடம் உண்டு. வீட்டு முற்றத்து வேம்பிற் கடைந்தது. மைதொட்டு எழுதும் பழைய வகை. நிறம் மங்கிற்றே என்று, கடையில் வாங்கிய சிவப்புச் சாயத்தை நாமே அதற்கு ஊட்டினோம். ஒரு வாரம் எம் விரல்களும் மாணாக்கரின் விடைத்தாள்களும் ஒருங்கே சிவந்தன. வீட்டார் நகைத்தது தனிக் கதை.

அக்கட்டையுடன் மாத்தளைக்குப் பயணமானோம். கண்டியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீற்றர். மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவித, அரக்கு வேலைக்குப் பெயர்போன ஊர். நம்மவரான ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட சிங்களக் கலை நூலில் இத்தொழிலையும் விரித்துரைத்துள்ளார்.

முதியவர் ஒருவரின் பட்டறையில் அமர்ந்தோம். அரக்கு, மரக்கொம்புகளில் ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதனை உருக்கி, இழுத்து, அடித்து, நிறப்பொடி கலந்து கோலாகத் திரட்டுவர். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், அரிதாரத்தோடு அவுரி சேர்ந்தாற் பச்சை. இவை முன்னோர் கையாண்டவை. இளகிய அரக்கை நூலாக இழுத்துப் பெருவிரல் நகத்தாற் கிள்ளிக் கோலமிடுவது ஒருவகை. கடைசற் பொறியில் ஏற்றுவது மற்றொன்று. இதுவே எம்மை மயக்கியது. மரம் சுழல்கிறது, அரக்குக் கோலை அதன்மேல் அழுத்துகிறார், உராய்விற் பிறக்கும் வெம்மையால் அரக்கு இளகி மரத்தைப் பற்றிக்கொள்கிறது. தூரிகை இல்லை, உலருமட்டும் காத்திருப்பும் இல்லை. ஓலைத் துண்டை வைத்து அழுத்தியதும் மெருகு கண்ணைப் பறிக்கிறது.

எம் கட்டையை நீட்டினோம். முதியவர் விரலால் தடவிப் பார்த்து, நிப்புக்கு மேலேயிருந்த பள்ளத்தில் நிறுத்தினார்.

"மாத்தயா, இது யாருடைய விரல்?"

"தகப்பனாருடையது, குருன்னான்சே. முப்பது வருடம் எழுதினார்."

சுழலும் கட்டையிற் பள்ளத்தை அரக்குக் கோல் தொடாது; மேடுகளையே தொடும். சாயத்தையும் கைபட்ட எண்ணெய்ப் பசையையும் உளியாற் சீவி, உருளையாக்கிய பின்னரே அரக்கு ஒழுங்காய்ப் பிடிக்கும். சீவினாற் பள்ளம் போய்விடும். "சீவட்டுமா?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். அவசரப்படுத்தவில்லை.

எமக்கு நா எழவில்லை. நிறம் வேண்டியே இத்தனை தூரம் வந்தோம். ஆயினும் அந்தப் பள்ளத்தில் எம் விரல் பொருந்தும்போதெல்லாம், தகப்பனார் கைபிடித்து "அ" எழுதுவித்த நினைவு வரும்.

"மேற்பாதிக்கு மட்டும் போடுங்கள்" என்றோம்.

அவர் தலையசைத்தார். கால்மணி நேரத்தில் மேற்பாதி சிவப்பும் மஞ்சளுமாய் வளையமிட்டு மின்னியது. கீழ்ப்பாதியைத் தொடவேயில்லை. கூலியாக அவர் கேட்டது, மாத்தளையில் நாம் அருந்திய தேநீருக்கும் வடைக்கும் சற்றே மேல். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

விடைத்தாள் திருத்த இன்றும் அதனையே எடுக்கிறோம். பள்ளத்திலுள்ள சாயம் இன்னும் விரலில் ஒட்டுகிறது.