தனித்து வைத்த குவளை

பிணியென்பது பிணியுற்றோன் உடலை வருத்துவதோடு அமைவதன்று. அவனுடன் வாழ்வார் உள்ளத்தையும் அளந்து காட்டுவதாகும். இவ்வுண்மையை நூல்களிற் கற்றிருந்தும், என் இல்லத்திலேயே அதனைக் காணும் வரை யான் உணர்ந்தேனல்லேன். நோயைக் கண்டவிடத்து அதன் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும் என்று திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தியதைத் தேர்வில் விரித்தெழுதி நன்மதிப்பெண் பெற்றவன் யான். அவ்வதிகாரத்தை எழுதிய கையே, என் தமையனாரின் குவளையைத் தனியே எடுத்து வைத்தது. அந்நிகழ்ச்சியையும், அதன்பின் யான் கற்றுக்கொண்டவற்றையும் அன்பர்கட்கு ஈண்டுக் கூற விழைகின்றேன்.

எங்கள் இல்லம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ளது. தந்தையார் காலமான பின்னர், என் தமையனார் தம் படிப்பை நிறுத்திவிட்டு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கடைசற்பட்டறையில் வேலைக்கமர்ந்தார். யான் இக்கல்லூரியில் தமிழ் பயில்வது அவர் ஈட்டும் பொருளைக் கொண்டே. சென்ற ஆண்டு அவருக்கு இருமல் தோன்றிற்று. இரும்புத்தூளால் வந்த இருமல் என்று யாவரும் எண்ணினோம். இரண்டு திங்கள் கழிந்தும் இருமல் நீங்கவில்லை. மாலைதோறும் காய்ச்சல் கண்டது. அரைக்கச்சையில் அவர் தாமே ஆணியால் புதிய துளைகள் இட்டுக்கொண்டார். பின்னரே சளியைச் சோதித்தோம். காசநோய் என்று முடிவு வந்தது.

அன்று மாலை அன்னையார் கதவைத் தாழிட்டு வந்து, "சபையில் ஒருவருக்கும் இது தெரியவேண்டாம்" என்று மட்டும் கூறினார். பாட்டியார் ஒன்றும் பேசவில்லை. யான் சமையலறைக்குச் சென்று, தமையனார் வழக்கமாகப் பருகும் எவர்சில்வர்க் குவளையை அலமாரியினின்றும் எடுத்துச் சன்னலோரத்தில் தனியே வைத்தேன். தட்டையும் அவ்வாறே வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் தம் குவளையைத் தாமே கழுவி, அச்சன்னலோரத்திலேயே கவிழ்த்து வைத்தார். ஏன் என்று ஒரு சொல்லும் கேட்டிலர்.

மறுநாள் மருத்துவமனையில் மருந்து கொடுப்பதற்கு முன்னரே அவருடைய உயரத்தையும் எடையையும் அளந்தனர். மூச்சு நிமிடத்திற்கு எத்தனை முறை என்று எண்ணினர். விரல்நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டிக் குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவை நோக்கினர். கால்களில் வீக்கம் உண்டோ என்று அழுத்திப் பார்த்தனர். பற்றுக்கோடின்றி நிற்க இயலுமோ என்று வினவினர். உயரம் 168 சென்டிமீட்டர். எடை 39 கிலோ. எடையைக் கிலோவிற் கொண்டு, உயரத்தின் மீட்டர்க் கணக்கின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 14க்கும் கீழே நின்றது. உடனே அவரை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டனர். நடந்து வந்த மனிதரை ஏன் படுக்கையிற் கிடத்துகின்றனர் என்று யான் வியந்தேன்.

காரணத்தைப் பின்னரே அறிந்தேன். காசநோயால் இறப்பாரிற் பெரும்பாலோர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு திங்களுக்குள்ளேயே இறக்கின்றனர். மருந்து கிருமியை வெல்லுமுன்னரே மெலிந்த உடல் தோற்றுவிடுகின்றது. ஆகவே, எவர் மிக நலிந்தவர் என்பதை முதல் நாளிலேயே எளிய அளவைகளால் கண்டறிந்து, அன்னாரை மருத்துவமனையிற் சேர்த்துப் பேணுதல் வேண்டும் என்னும் நோக்குடன் 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடெங்கும் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட்டது. இத்திட்டத்தை அரசினரோடு சேர்ந்து வகுத்தது தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். அந்நிறுவனம் இருப்பது எங்கள் அயப்பாக்கத்திலேயாம்! ஆவடியில் இயங்கிவந்த தொழுநோய் ஆய்வுப் பிரிவும், சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் 1999ஆம் ஆண்டில் ஒன்றிணைந்து அஃது உருவாயிற்று. பேருந்தில் நாள்தோறும் அப்பக்கம் சென்றும், உள்ளே யாது நிகழ்கின்றது என்று ஒரு நாளும் யான் கேட்டதில்லை. என் தமையனாரின் உயிரைக் காத்த வினாக்கள் எங்கள் தெருவின் அண்மையிலேயே பிறந்தன போலும்.

பன்னிரண்டு நாட் சென்றபின் அவர் இல்லம் திரும்பினார். சன்னலோரத்துக் குவளை காத்திருந்தது. சில நாள் கழித்து, மருந்துண்ணலை விசாரிக்க நலப்பணியாளரான அம்மையார் ஒருவர் வந்தார். அன்னையார் கொடுத்த காப்பியைப் பருகிக்கொண்டே சன்னலை நோக்கி, "அது யாருடைய தம்ளர்?" என்றார். ஒருவரும் விடை கூறவில்லை. அவர் நகைத்து, "காற்றில் வருகிற நோயைத் தம்ளரில் போய்த் தேடுகிறீர்களே! சன்னலைத் திறந்து வையுங்கள். தம்ளரை உள்ளே வையுங்கள். மருந்து தவறாமல் சாப்பிட்டால் கொஞ்ச நாளில் அவரிடமிருந்து பரவுவதும் நின்றுவிடும். இதெல்லாம் நம் சேத்துப்பட்டிலேயே கண்டுபிடித்த சங்கதிதான்" என்றார். அச்சொல் என்னைத் தைத்தது. சேத்துப்பட்டிற் கண்டது யாது என்று தேடிப் படிக்கலானேன்.

மருந்து காணாத காலத்தில் காசநோயாளர்க்கு நற்காற்றும் ஓய்வும் ஊட்டமுமே புகலிடமாயிருந்தன. டாக்டர் சௌரி முத்து என்பார் 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் அவ்வகையினது. பின்னர் மருந்துகள் வந்தன. எனினும் நோயாளரைக் குடும்பத்தினின்றும் பிரித்து வைத்தலே முறையென்ற எண்ணம் மாறவில்லை. நோயாளரோ எண்ணற்றோர், படுக்கைகளோ மிகச் சில. அந்நிலையில் 1956ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சேத்துப்பட்டில் ஒரு மருத்துவ நிலையத்தை அமைத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதற்குத் தலைமை பூண்டார். நகரத்தின் நெருக்கமான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளர் 193 பேரைத் தேர்ந்து, அவருள் யார் சானடோரியம் செல்வது, யார் வீட்டிலிருந்தே மருந்துண்பது என்பதைத் திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் முடிவு செய்தனர். இரு சாராருக்கும் ஐசோநையசிட், பி.ஏ.எஸ். என்னும் அவ்விரு மருந்துகளையே ஓராண்டு கொடுத்தனர்.

இவ்விடத்தில் என் உள்ளம் முதலில் இடர்ப்பட்டது. ஒரு மனிதனுடைய உயிர்நிலையைச் சீட்டினால் முடிவு செய்தல் அறமாகுமோ? பலகாலும் எண்ணியபின் எனக்குத் தெளிவு பிறந்தது. எது நன்று என்று ஒருவருக்கும் தெரியாதபோது, 'எனக்குத் தெரியும்' என்று கூறித் தன் விருப்பப்படி பிரிப்பதே பிழையாகும். மருத்துவர் தாமே பிரிப்பாராயின், நலிந்தோரைச் சானடோரியத்திற்கும் வலியோரை வீட்டிற்கும் தம்மையறியாமலே அனுப்புதல் கூடும்; அப்பால் வரும் முடிவு எதனால் வந்தது என்று அறிய இயலாது. சீட்டு முகம் பாராது. இரு சாராரையும் ஒத்த நிலையினராக்கும். தம் அறியாமையை ஒப்புக்கொண்ட பணிவே அம்முறையின் வேர் என்று கண்டேன்.

முடிவு 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தோருள் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் இருந்தோருள் நூற்றுக்கு 86 பேரும் ஓராண்டின் இறுதியில் கிருமி நீங்கி நோய் தணிந்த நிலையை எய்தினர். சானடோரியத்தார்க்கு நல்லுணவும் ஓய்வும் மிகுதி. வீட்டிலிருந்தோர் குறைந்த உணவுண்டு, நெருக்கத்தில் வாழ்ந்தோர். எனினும் வேறுபாடு சிறிதே. இதனினும் வியப்பிற்குரியது ஒன்றுண்டு. அந்நோயாளரின் குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கினர். நோயாளர் வீட்டிலேயே இருந்தமையால் அவர்தம் பிள்ளைகட்கும் துணைவர்க்கும் நோய் மிகுதியாக வந்ததில்லை. மருந்து தொடங்குமுன் பரவியதே பரவல். மருந்து தொடங்கியபின் பிரித்து வைத்ததனால் வந்த பயன் புலப்படவில்லை. உலகெங்கும் காசநோயாளர் தம் இல்லத்திலேயே மருந்துண்டு தேறும் வழியை இவ்வாராய்ச்சியே பெரிதும் திறந்தது.

இதனைப் படித்த இரவு யான் உறங்கவில்லை. யான் குவளையைப் பிரித்து வைத்தது தமையனார் மருந்துண்ணத் தொடங்கிய காலத்திலேயன்றோ? அதற்குமுன் அவரோடு ஒரே பாயில் மூன்று திங்கள் உறங்கியவனும் யானே. அஞ்சவேண்டிய காலத்தில் அறியாதிருந்தேன். அறிந்த காலத்தில், அஞ்சத்தகாததற்கு அஞ்சினேன். எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது சோதனையும் தடுப்பு மருந்துமே. அவற்றை அந்நலப்பணியாளரே எனக்கும் அன்னையார்க்கும் பாட்டியார்க்கும் ஏற்பாடு செய்தார்.

அன்னையார்க்கோ மற்றோர் ஐயம். "பிறந்தவுடனே அவனுக்கு பி.சி.ஜி. ஊசி போட்டோமே, தழும்பு கூட இருக்கிறதே. பின் எப்படி வந்தது?" என்று அவர் கேட்டபொழுது, அதுவரை வாய் திறவாதிருந்த பாட்டியார் தம் இடக்கையை நீட்டினார். பூந்தமல்லிக்கு அப்பால் திருவள்ளூரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர் அவர். "எனக்கு ஏழெட்டு வயசிருக்கும். ஜீப்பில் வந்து ஊருக்கே ஊசி போட்டார்கள். என் அக்காவுக்குத் தழும்பு வந்தது. எனக்கு வரவே இல்லை. எனக்குப் போட்டது வெறும் தண்ணீர் என்று அக்கா கேலி செய்வாள்" என்றார்.

பாட்டியார் தாம் அறியாமலே உலகறிந்த ஓர் ஆராய்ச்சியில் பங்கு கொண்டவர் என்பதை நூல்களிற் கண்டு திகைத்தேன். அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில் 1968ஆம் ஆண்டில் அது தொடங்கிற்று. இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு ஊசியிடப்பட்டது. சிலர்க்கு பி.சி.ஜி.; சிலர்க்கு மருந்தில்லா நீர். எவர்க்கு எது என்பது இட்டவர்க்கும் தெரியாது, ஏற்றவர்க்கும் தெரியாது. பதினைந்தாண்டுகள் அம்மக்களைத் தொடர்ந்து நோக்கியபின் கண்ட முடிவு, பெரியோர்க்கு வரும் நுரையீரற் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே. குழந்தைகளைக் கொல்லும் மூளையுறைக் காசநோய் முதலிய கொடிய வகைகளினின்றும் அது காக்கின்றதாதலின், இன்றும் பிறந்த குழந்தைகட்கு இடப்படுகின்றது. ஆயின், தழும்புடையார் வளர்ந்தபின் நோயுறார் என்று கொள்ளுதற்கு இடமில்லை.

எல்லாரும் வெற்றியை எதிர்நோக்கிய ஒன்றில் 'பயன் இல்லை' என்ற விடையை மறையாது உலகிற்கு உரைத்தமையே அவ்வாராய்ச்சியின் பெருமை. அவ்விடை கிட்டியது சிற்றூர் மக்கள் நீட்டிய கைகளால். இதனைப் பாட்டியார்க்கு விளக்கிச் சொன்னேன். அவர் தழும்பில்லாத தம் கையைத் தடவிக்கொண்டு, "அப்படியானால் தண்ணீர் ஊசியும் ஒரு வேலை செய்திருக்கிறது" என்று கூறிப் புன்னகைத்தார். அன்னையாரும் தம்மைத் தாமே நொந்துகொள்வதை அன்றோடு விடுத்தார்.

இனி உணவைப் பற்றி ஒரு சொல். சேத்துப்பட்டு முடிவைக் கொண்டு, உணவு வேண்டா, மருந்தே போதும் என்று கொள்ளுதல் தவறு. அங்கு எழுந்த வினா, மருந்தால் கிருமி நீங்குமா என்பது. நலிந்தவன் பிழைப்பானா, அவன் வீட்டார்க்கு நோய் வராது காக்கலாமா என்பன வேறு வினாக்கள். அவற்றை ஜார்க்கண்டு மாநிலத்தில் அண்மையில் ஆராய்ந்தனர்; முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தன. நோயாளர் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு மட்டும் அரிசியும் பருப்பும் மிகுதியாக வழங்கியபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுதல் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. நோயாளருள் முதல் இரண்டு திங்களில் எடை கூடியோர் இறத்தலும் குறைவாயிருந்தது. வினாவிற்கேற்பவே விடை அமையும். ஒரு விடையை மற்றொரு வினாவிற்கு ஏற்றிச் சொல்லுதல் ஆகாது. இலக்கியம் பயில்வோராகிய நாமும் இடஞ்சுட்டிப் பொருள் கொள்ளும் முறையை அறிந்தவரல்லமோ?

அன்னையார் முட்டையும் பருப்பும் தவறாது ஊட்டினார். இரண்டாந் திங்கள் முடிவில் தமையனாரின் எடை 42 கிலோ ஆயிற்று. ஆறாந் திங்களில் மருந்து முடிந்து மீண்டும் பட்டறை சென்றார். இன்று அவர் நலமே.

குவளையின் கதை மட்டும் எஞ்சியுள்ளது. அந்நலப்பணியாளர் வந்து சென்ற மாலையே யான் அதனை எடுத்து, ஏனைய குவளைகளோடு அலமாரியில் வைத்தேன். தமையனார் வேலையினின்றும் திரும்பும் நாள் வந்த பின்னரும் ஒரு மாலை யான் கண்டது இது: அவர் நீர் பருகி, குவளையைக் கழுவி, சன்னலோரத்திலேயே கவிழ்த்து வைத்தார். "அண்ணா, அது அலமாரியில் இருக்கவேண்டியது" என்றேன். "இருக்கட்டும் தம்பி, கை பழகிவிட்டது" என்றார். அதில் சினம் இல்லை. அதனாலேயே எனக்கு மிகுந்த வருத்தம். நுரையீரலில் புகுந்த கிருமியை ஆறு திங்களில் நீக்கும் மருந்துண்டு. யான் ஒரு நொடியில் இட்ட வடுவை நீக்கும் மருந்து எத்தனை திங்களில் வேலை செய்யும் என்று யான் அறியேன். நாள்தோறும் அக்குவளையை எடுத்து அலமாரியில் வைத்து வருகின்றேன்.

அன்பர்காள்! நும் இல்லத்திலோ அண்டையிலோ இந்நோய் தோன்றுமாயின், சன்னலைத் திறவுங்கள், சோதனைக்கு விரையுங்கள், மருந்தை முடிவு வரை உண்ணச் செய்யுங்கள். குவளையை மட்டும் எடுத்துத் தனியே வையாதீர்கள்.