ஒரு மேடு, இரண்டு மேடு

பல வருஷங்களாகப் பௌதிகம் கற்பித்துவரும் உபாத்தியாயருக்கு, தாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை வாசகர்கள் அறியாமலிரார். சென்ற தை மாதத்தில் அந்தச் சங்கடம் நமக்கு நேர்ந்தது.

அன்று வகுப்பில் ரெக்டிஃபயர் பாடம். மாறு மின்சாரத்தை டயோடுகள் நேர்ப்படுத்துவதைக் கரும்பலகையில் வரைந்திருந்தோம். கீழே இறங்கவேண்டிய அரை அலையும் மேல்நோக்கி மடிந்து நின்றது. கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஸார், முன்பு ஒரு சுற்றுக்கு ஒரு மேடுதானே இருந்தது? இப்போது இரண்டு இருக்கின்றனவே! அப்படியானால் 50 ஹெர்ட்ஸ் 100 ஆகிவிட்டதா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பரீக்ஷைக்கு வராது, உட்கார்" என்றோம்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். இரவு நமக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவள் கேட்டது முற்றும் சரியல்லவா? கம்பிச் சுருளும் கண்டென்ஸரும் மட்டும் இருந்தால், கொடுத்த அதிர்வெண்ணே திரும்பி வரும். டயோடு ஒருவழிப் பாதையாதலால் அலையின் வடிவத்தை மாற்றுகிறது. அப்போது மடங்குகள் பிறக்கின்றன. 7 மெகாஹெர்ட்ஸைக் கொடுத்து 14-ஐ வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். அமெச்சூர் ரேடியோக்காரர்களின் அலைவரிசைகள் 7, 14, 21, 28 என்று மடங்குகளாக அமைந்திருப்பது இதற்கு எத்தனை வசதி!

மறுநாள் வகுப்பில் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். மாலையில் பரிசோதனைச் சாலையில் அவளும் சில தோழியரும் கூடினார்கள். ஒன்றையும் பூஜ்யத்தையும் தவிர வேறறியாத லாஜிக் கேட்டுக்கும் ரேடியோவில் வேலை உண்டு என்று காட்ட, 74எச்சி86 என்ற சில்லை எடுத்தோம். அதிலுள்ள எக்ஸ்-ஆர் கேட், இரு வாயில்களிலும் வருவன வேறுபட்டால் மட்டுமே 'ஒன்று' என்னும். கிரிஸ்டல் தந்த 7 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை ஒரு வாயிலில் நேராகவும், மற்றதில் கால் சுற்றுத் தாமதமாகவும் விட்டோம். ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் வேறுபாடு. ஆகவே சுற்றுக்கு இரண்டு துடிப்பு. இரவல் வாங்கிய ரிஸீவர் 14-ல் கணீரென்று சீழ்க்கையடித்தது!

சதுர அலையிலேயே மூன்றாம் மடங்கு, மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு வலுவுடன் மறைந்திருக்கிறது. அதையும் 21-ல் கேட்டோம். அப்போது அந்த மாணவி கிரிஸ்டலைத் தொட்டாள். சீழ்க்கையின் சுருதி நழுவியது. 7-ல் கேட்டபோது நழுவல் சிறிது, 21-லோ மும்மடங்கு.

"பிழையும் பெருகுகிறதே, ஸார்!" என்றாள்.

ஆம். மூலத்தில் 50 ஹெர்ட்ஸ் பிசகினால் 21-ல் 150 ஹெர்ட்ஸ் பிசகும். நாம் வகுப்பில் சொன்ன "உட்கார்" என்ற ஒரு வார்த்தையோ நாற்பது குழந்தைகளின் காதில் விழுந்தது. அவர்களில் எத்தனை பேர் அன்று தத்தம் கேள்விகளை விழுங்கினார்களோ! அவற்றை வடிகட்டி எடுக்க எந்தச் சுருளும் நம்மிடம் இல்லை.