முளைக்காத விதையின் கணக்கு

பாலைவனச் செடி என்றதும் வறட்சியோடு மல்லுக்கட்டும் அதன் உறுதியைப் புகழ்வதுதான் வழக்கம். கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் மஞ்சளாகப் பூக்கும் 'டெசர்ட் கோல்டு' அந்தப் புகழுக்கு உரியதல்ல. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த ஜெரேயா கேனசென்ஸிடம் கள்ளியின் சதைப்பற்று இல்லை. இலைகளில் நரைத்த மயிர் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். வெயில் ஏறியதும் காய்ந்து சாகிறது. வறட்சிக் காலத்தில் அது செடியாகவே இருப்பதில்லை; விதையாகக் கிடக்கிறது. எனவே அதன் சாமர்த்தியத்தைப் பூவில் தேடிப் பயனில்லை, முளைக்க மறுக்கும் விதையில்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

அந்த விதை தட்டையானது, கறுப்பு நிறம்; விளிம்பு நெடுக வெண்மயிர், உச்சியில் இரண்டு கூர்முனைகள். பார்வைக்கு அற்பம். ஆனால் பாலைவன விதைகள் ஈரம் பட்டதும் ஏமாந்து முளைத்துவிடுவதில்லை. தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வென்ட் தன் ஆய்வில் கண்டது இது: மண்ணைக் கீழிருந்து எவ்வளவு நனைத்தாலும் பல விதைகள் அசையவில்லை, மேலிருந்து போதிய அளவு மழையாகப் பெய்வித்தால் முளைத்தன. முளைப்பைத் தடுக்கும் பொருள்களை நீர் கழுவிக் கொண்டுபோக வேண்டியிருந்தது என்று அவர் விளக்கினார். மழையளவோடு குளிரும் கூடிவர வேண்டும். 2015 அக்டோபரில் டெத் வேலியில் பெருமழை பெய்து, 2016 தொடக்கத்தில் தரையே மஞ்சளானதற்கு முந்தைய ஆண்டுகளின் விதைகள் மண்ணில் காத்திருந்ததே காரணம். படமெடுக்க வந்த கூட்டம் பார்த்தது அந்தச் சேமிப்பின் செலவைத்தான்.

சும்மா கிடக்கும் விதை நட்டம்தானே, எறும்பும் எலியும் தின்றுவிடாதா என்று கேட்கலாம். தின்னத்தான் செய்கின்றன. நல்ல ஆண்டில் எல்லா விதையும் முளைத்திருந்தால் விளைச்சல் கூடியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் தலைமுறைகளின் கணக்கு கூட்டலில் போவதில்லை, பெருக்கலில் போகிறது. ஒன்பது ஆண்டுகள் பத்து மடங்காகப் பெருகினாலும், பத்தாம் ஆண்டில் முளைத்ததெல்லாம் பூக்காமல் கருகினால் விடை பூஜ்யம். உயிரியலாளர் டான் கோஹன் 1966இல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்.

காகிதத்தில் சரி, விதை முளைக்காதது வெறும் தற்செயலாக இருக்கக் கூடாதா? இந்த ஐயம் வலுவானது. அரிசோனாவின் டூசான் நகரில் டூமமாக் குன்றில் சூழலியலாளர் லாரி வெனபிள் ஓராண்டுச் செடிகளைக் குறித்து 1982 முதல் நடத்திய கணக்கெடுப்பு இதற்கு விடை தருகிறது. எந்த இனத்தின் விளைச்சல் ஆண்டுக்காண்டு அதிகம் ஏறி இறங்குகிறதோ, அந்த இனத்தில் முளைக்கும் விதைகளின் பங்கு குறைவு. தற்செயல் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. போதாதென்றால் நெகெவ் பாலைவனத்தைப் பாருங்கள். அதே சூரியகாந்திக் குடும்பத்து ஓராண்டுச் செடியான பல்லெனிஸ் ஹியெரோசுந்திகா, விதையை மொத்தமாக மண்ணிடம் ஒப்படைப்பதே இல்லை. செத்துக் கட்டையான தாய்ச்செடியின் பூத்தலை காய்ந்தால் மூடிக்கொள்ளும், நனைந்தால் விரியும்; ஒவ்வொரு மழைக்கும் சில விதைகளை மட்டும் உதிர்க்கும்.

இந்தக் கையிருப்பு எல்லாவற்றுக்கும் காப்பீடு என்று நான் சொல்லவில்லை. ஆண்டுகள் மாறிமாறி வந்தால் அது காக்கும். காலநிலையே ஒரே பக்கமாக நகர்ந்தால் என்ன செய்யும்? டூமமாக் குன்றில் குளிர்கால மழை தாமதித்து வரத் தொடங்கியதால் விதைகள் முன்பைவிடக் குளிர்ந்த நாட்களில் முளைக்கின்றன. குளிருக்குப் பழகிய இனங்களே அங்கே பங்கில் கூடிவருகின்றன.